மரமணி ஒலித்த சுவர்

வாருங்கள். ஊரறிந்த அநியாயங்களைக் கண்டு பழகிய கண்களோடு ஊரறியாத ஓர் அநியாயத்தையும் கண்டு போக வாருங்கள். நாகர்கோவிலிலிருந்து இராஜாக்கமங்கலம் செல்லும் சாலையோரம், தென்னந்தோப்பை வெட்டி எழுப்பிய ஐந்து மாடிக் கட்டிடம் ஒன்று நிற்கிறது. அதன் மூன்றாம் மாடிக்கு வாருங்கள். லிஃப்ட் இருக்கிறது, அதன் கதவில் 'பழுது' என்று எழுதிய அட்டையும் பத்து மாதமாகத் தொங்குகிறது. படியேறித்தான் வரவேண்டும். ஏறி வந்தால் பக்கம் பக்கமாக இரண்டு வாசல்கள். இரண்டு கதவும் தேக்கு, இரண்டிலும் பித்தளைப் பூண், உள்ளே விரல் பருமனுக்குத் தாழ்ப்பாள். திருடன் பத்துப் பேரோடு வந்து மோதினாலும் திறக்காது. இனி அந்த இரு வீடுகளுக்கும் நடுவே நிற்கும் சுவரை விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டிப் பாருங்கள்.

'டொம்' என்கிறதல்லவா? அங்கே சுவர் இல்லை ஐயா. ஒரே வீடாக வரைபடம் போட்டு, ஒரே வீடாக அனுமதி வாங்கி, கட்டி முடிக்கும் வேளையில் அதை நடுவே பிளந்து இரண்டு பேருக்கு விற்ற ஒருவருடைய பேராசை அங்கே நிற்கிறது. இந்தப் பக்கம் அரை அங்குல ஜிப்சம் பலகை, அந்தப் பக்கம் அரை அங்குல ஜிப்சம் பலகை, இடையில் இரண்டடிக்கு ஒரு தகரச் சட்டம். மீதியெல்லாம் காற்று. அந்தக் காற்றுக்குப் பட்டி பூசி, சந்தன நிறம் அடித்து, விளம்பரத் தாளில் 'பாறை போன்ற சுவர்கள்' என்று அச்சடித்தும் கொடுத்தார்கள்.

அந்தக் காற்றின் இந்தப் பக்கத்தில் வேளாங்கண்ணி இருந்தாள். அறுபத்திரண்டு வயது. கணவன் சிலுவைதாசன் இறந்தபின் தலையில் மீன்கூடை சுமந்து ஒற்றை மகனை வளர்த்தவள். அந்த மகன் ஆன்றோ குவைத்தில் சாரம் கட்டும் வேலையில் பதினான்கு ஆண்டு வெயிலில் நின்று, கடல் தின்றுகொண்டிருந்த கரை வீட்டிலிருந்து அவளைத் தூக்கி இந்த மூன்றாம் மாடியில் வைத்தான். முழங்கால் தேய்ந்தவளை மூன்றாம் மாடியில் வைக்கலாமா என்று கேட்காதீர்கள். விற்கும்போது லிஃப்ட் ஓடியது.

வந்த நாள் முதல் அவளுக்குப் பேச்சு என்பது போனில் மட்டும்தான். ஞாயிறுதோறும் மகன் கேட்பான்: "எம்மா, சொகமா இருக்கியா?" அவள் சொல்வாள்: "சொகந்தான் மக்கா." அந்த ஒரு விடையை மூன்று ஆண்டாக அவள் மாற்றவில்லை. மாற்றினால் அங்கே சாரத்தின் உச்சியில் நிற்பவன் கால் தடுமாறிவிடுவானோ என்று அவளுக்குப் பயம்.

இந்த ஈஸ்டருக்கு வருவதாகச் சொல்லியிருந்தான். சென்ற ஈஸ்டருக்கும் சொல்லியிருந்தான், அதற்கு முந்தியதற்கும். மூன்றாம் முறையும் கம்பெனி விடுப்பை மறுத்தபோது, அவன் வருவதற்குப் பதிலாக ஒரு டிவி வந்தது. எழுபத்தைந்து இஞ்ச். பெட்டியின் மேல் முப்பத்தாறு கிலோ என்று எழுதியிருந்தது.

"சொவர்ல மாட்டி வையிம்மா. ஈஸ்டர் அன்னைக்கி காலம்பற பத்து மணிக்கு நான் அதுல வருவேன். ஒனக்க எதுக்க நிக்குத மாதிரியே இருக்கும்."

"ஒனக்க ஒசரம் முழுசும் வருமா மக்கா?"

"இடுப்பு வரைக்கும் வரும்."

"அப்போ கீழ உள்ளது?"

"அது கம்பெனிக்கு," என்றான். இருவரும் சிரித்தார்கள். போனை வைத்தபின் வேளாங்கண்ணி சிரிக்கவில்லை.

இருந்தும் அவள் ஆயத்தமானாள். கூடத்தின் நடுச்சுவரில் இருந்த இயேசுவின் திரு இருதயப் படத்தைக் கழற்றி ஜன்னல் பக்கத்துச் சுவருக்கு மாற்றினாள். ஆணி அடித்தபோது அந்தச் சுவர் அவளுடைய சுத்தியலை நன்றாக எதிர்த்தது. நடுச்சுவர் மட்டும் ஆணியை ஏன் அவ்வளவு இலகுவாக விட்டுக்கொடுத்தது என்று அவள் யோசிக்கவில்லை. வெற்றுச் சுவருக்கு எதிரே இரண்டு நாற்காலிகளைப் போட்டாள். ஒன்று அவளுக்கு. மற்றது எதற்கு என்று கேட்டால் அவளுக்கே விடை தெரியாது. புதன்கிழமையே பெட்டி வந்துவிட்டது. மாட்டுகிற ஆள், பண்டிகை விடுமுறை கழிந்து சனிக்கிழமைதான் வருவேன் என்றுவிட்டான். ஞாயிறு பத்து மணிக்குள் அந்த முகம் அந்தச் சுவரில் வந்தாக வேண்டும். அவளுடைய உலகம் அந்த வாரம் அந்த ஒரு கணக்கில் சுருங்கிக் கிடந்தது.

பெரிய வெள்ளி வந்தது. காலை ஏழு மணிக்கு, அவள் கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது, எங்கோ 'தடார்' என்று ஒரு பெருஞ்சத்தம். அலமாரிக்குள் எவர்சில்வர் தம்ளர்கள் சிணுங்கின. மேல் மாடியில் யாரோ கட்டிலை நகர்த்துகிறார்கள் என்று நினைத்தாள். வெளியே போய்க் கேட்டிருப்பாள். ஆனால் படிக்கட்டின் அடியில் மேனேஜர் ஒட்டியிருந்த அறிவிப்பு நினைவுக்கு வந்தது. 'பிறர் வீட்டுக் காரியங்களில் தலையிட வேண்டாம்.' பேத்தியை அழைத்துவந்து அதை வாசிக்கச் சொன்ன மேல்மாடிக்காரி ஒருத்தி, "இது நம்மளப் போல கெழவியளுக்குத்தான் எழுதியிருக்கான், பாத்தியளா?" என்று முன்பொரு நாள் சிரித்ததும் நினைவுக்கு வந்தது. அவள் பெருக்கிக் கூட்டிய குப்பையோடு உள்ளேயே நின்றுவிட்டாள்.

சற்று நேரத்தில் ஓர் ஓசை கேட்டது. டக், டக், டக்.

கத்தோலிக்கர் அல்லாத வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பெரிய வியாழன் மாலைப் பூசையோடு ஆலயத்தின் வெண்கல மணிகள் வாயடைத்துவிடும். மீண்டும் உயிர்ப்பு விழாவுக்குத்தான் அவை பேசும். இடைப்பட்ட நாள்களில் மரக்கட்டையோடு மரக்கட்டை மோதுகிற மரமணி ஒன்றுதான் மக்களைச் செபத்துக்குக் கூப்பிடும். அந்தக் காய்ந்த ஓசையைக் குழந்தைப் பருவம் தொட்டுக் கேட்டு வளர்ந்தவள் வேளாங்கண்ணி. படியிறங்க முடியாததால் அந்த ஆண்டு ஆலயத்துக்குப் போகாமல் இருந்ததே அவளுக்கு ஒரு முள்ளாய் உறுத்திக்கொண்டிருந்தது. ஆகவே அந்த ஓசை காதில் விழுந்ததும், கோயிலே தன்னைத் தேடி மூன்று மாடி ஏறி வந்துவிட்டதென்று அவள் மனம் நெகிழ்ந்தது. துடைப்பத்தைப் போட்டுவிட்டு, வலிக்கிற முழங்காலை மடக்கி முட்டுக்குத்தினாள்.

பகல் பதினொன்றுக்கு மீண்டும் கேட்டது. முட்டுக்குத்தினாள். மூன்று மணிக்குக் கேட்டது; ஆண்டவர் உயிர்விட்ட நேரம், சரிதான் என்று நெற்றி தரையில் பட வணங்கினாள். ஐந்துக்குக் கேட்டது. விளக்கு வைத்தபின்னும் மூன்று முறை கேட்டது. இந்த ஆண்டு சாமியாருக்குப் பக்தி கூடிப்போயிற்று என்று ஒரு கணம் வியந்தாள். ஒவ்வொரு முறையும் ஓசை முந்தியதைவிட மெலிந்திருந்தது. காற்று திசை மாறுகிறது என்று எண்ணிக்கொண்டாள். ஏழு முறை முட்டுக்குத்தினாள். ஏழு முறையும் ஆன்றோவுக்காகவே மன்றாடினாள்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு ரதீஷ் வந்தான். வடசேரிக்காரன், முப்பத்தைந்து வயதிருக்கும், தோளில் டிரில்லிங் மிஷின் பை.

"அம்மா, மூணு மாடி ஏத்தி உயிர எடுத்துப் போட்டியளே. லிஃப்டு எப்ப சரியாவும்?"

"ஒனக்கு கல்யாணம் ஆச்சா?"

"ஆச்சு."

"ஒனக்க பேரப்பிள்ளையள் வரும்போ சரியாவும்."

அவன் சிரித்துக்கொண்டே தண்ணீர் குடித்தான். பிறகு நடுச்சுவரின் முன்னே போய் நின்று ஒரு தட்டுத் தட்டினான். சிரிப்பு நின்றது. பையிலிருந்து நூலில் கட்டிய காந்தம் ஒன்றை எடுத்துச் சுவரோடு உரசித் தொங்கவிட்டான். பழைய ஸ்பீக்கரிலிருந்து பிடுங்கிய காந்தம் அது. சில இடங்களில் அது சுவரில் ஒட்டி நின்றது. பட்டிக்கு அடியில் திருகாணித் தலை இருக்கும் இடங்கள் அவை. மற்ற இடங்களில் வழுக்கி விழுந்தது.

"அம்மா, இது சொவரே இல்ல கேட்டேளா. பலகை. உள்ள ஒண்ணுமில்ல, பொள்ளையா கெடக்கு."

"சொவருதான் மக்கா. வெல குடுத்து வாங்கினதாக்கும்."

"வெல குடுத்தா பலகை கல்லாயிருமா? முப்பத்தாறு கிலோவ இதுல தூக்கி மாட்டினா, இன்னைக்கி நிக்கும், நாளைக்கி நிக்கும். மூணாம் நாளு திருகாணிப் பிளக்கோட பேந்துக்கிட்டு வரும். உள்ள உள்ள தகரச் சட்டமும் சன்னம், வெயிட்டுக்கு ஆகாது. பலகைய அறுத்து, உள்ள நல்ல மரச்சட்டம் வச்சு, பொறவு மூடித்தான் மாட்டணும். நாலு நாளு வேல. பில்டிங்காரன் அனுமதியும் வேணும்."

வேளாங்கண்ணி நாற்காலியில் உட்கார்ந்தாள். நெடுநேரம் அந்த வெற்றுச் சுவரைப் பார்த்தாள்.

"ஏலே மக்கா," என்றாள் தாழ்ந்த குரலில், "நாளைக்கு ஒரு மணி நேரம் நின்னாப் போதும். அவன் பேசி முடிச்ச ஒடனே எறக்கிப் போடலாம். அது வரைக்கும் நான் வேணும்னா கீழ நின்னு தாங்கிக்கிடுதேன்."

ரதீஷ் இதுவரை நூற்றுக்கணக்கான வீடுகளில் டிவி மாட்டியிருக்கிறான். இப்படி ஒரு வேண்டுகோளை அவன் கேட்டதில்லை. "இருங்க, சட்டம் எங்க ஓடுதுன்னு ஒருக்கா பாக்குதேன். ரெண்டு சட்டம் பக்கத்துல கெடச்சா ஒரு நாளைக்கு ஏதாவது செய்ய முடியுமான்னு யோசிப்போம்," என்று சொல்லி, சுவரில் காதை வைத்து முட்டியால் தட்டிக்கொண்டே நகர்ந்தான். டொம். டொம். டொம்.

நிறுத்தினான்.

டக். டக். டக்.

"கேட்டேளா? சொவரு பதில் சொல்லுது!" என்றான் வேடிக்கையாக.

"அது கோயில் மரமணி. நேத்து முழுக்கக் கேட்டுது."

"கோயிலு எங்க கெடக்கு, நம்ம எங்க நிக்கோம்? இந்தச் சத்தம் எனக்க காதுக்குள்ள விழுது அம்மா." அவன் முகம் மாறியது. இரண்டு முறை தட்டினான். இடைவெளி விட்டு, இரண்டு வந்தது. நான்கு முறை தட்டினான். ஒன்று வந்தது, இன்னொன்று வந்தது, மூன்றாவது உரசலாகத் தேய்ந்து நின்றுவிட்டது.

வேளாங்கண்ணி எழுந்தாள். நேற்றைய ஏழு முறையும் ஒவ்வொன்றாக அவளுக்குள் திரும்பி ஒலித்தது. மூடிய ஜன்னலைத் தாண்டி, மூன்று மாடிக்கு மேலே, ஒரு மரக்கட்டையின் ஓசை எப்படி வரும்? வாழ்நாளெல்லாம் மரமணி கேட்டவளுக்கு அது தெரியாதா? தெரியும். தேடி வரவேண்டும் என்று ஏங்கிக் கிடந்த காதுக்குத்தான் தெரியவில்லை.

"அண்ணாச்சி!" என்று அலறினாள். "அது பகவதியப்பன் அண்ணாச்சி!"

பக்கத்து வீட்டுப் பகவதியப்பன் ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர். நாஞ்சில் நாட்டு வயல் ஊரொன்றில் பிறந்தவர். மனைவி மீனாட்சியம்மாள் போய் இரண்டு ஆண்டாயிற்று. மகள் ஆதிரா மெல்போர்னில். வேளாங்கண்ணிக்கும் அவருக்கும் இருந்த பழக்கம் எல்லாம், காலையில் குப்பை வாளியை வெளியே வைக்கும்போது "மழ வரும்போல இருக்கு" என்று ஒருவர் சொல்ல, "ஆமா" என்று மற்றவர் சொல்வது. பொங்கலுக்கு மகள் அவருக்கும் ஒரு பெரிய டிவி அனுப்பியிருந்தாள். கடைக்காரன் அனுப்பிய ஆள் அரைமணி நேரத்தில் அதே சுவரின் மறுபக்கத்தில் மாட்டிவிட்டுப் போயிருந்தான். காற்றில் மாட்டிவிட்டுப் போயிருந்தான்.

ரதீஷ் ஓடிப்போய்த் தேக்குக் கதவில் மோதினான். உள்ளே தாழிட்டிருந்தது. கதவுக்கு ஒன்றும் ஆகவில்லை, நொந்தது அவன் தோள்தான். ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு மேனேஜரை அழைத்தான். மேனேஜர் நிதானமான குரலில் சட்டம் சொன்னார். "அது அவருக்க மகளுக்க பேர்ல உள்ள வீடு. அவங்க எழுத்துல அனுமதி தரணும். கதவ ஒடச்சா நீங்கதான் பொறுப்பு. நான் திங்கக்கிழம வாறேன்."

"திங்கக்கிழம பூ வாங்கிட்டு வாரும்!" என்று கத்திவிட்டு ரதீஷ் போனை அணைத்தான்.

உள்ளே வந்தான். சுவரைப் பார்த்தான். பிறகு வேளாங்கண்ணியைப் பார்த்தான்.

"அம்மா, கதவு அசையாது. இது பத்து நிமிஷத்துல அறுந்துரும். ஆனா அறுத்தா, பொறவு இதுல ஒரு காலண்டர்கூட தொங்காது."

அவள் இரண்டு நாற்காலிகளையும் பார்த்தாள். பெட்டிக்குள் இருளில் படுத்திருக்கும் மகனுடைய இடுப்பு வரைக்குமான முகத்தை நினைத்தாள். மூன்று ஈஸ்டராக அவள் காத்திருந்த முகம். ஒரு மூச்சு விடுகிற நேரம்தான்.

"அறு," என்றாள்.

தட்டல் வந்த இடத்தை விட்டு விலகி, இரண்டு சட்டங்களுக்கு நடுவே, கை ரம்பத்தால் ரதீஷ் பலகையை அறுத்தான். வெள்ளைத் தூள் அவன் தலைமுடியில் விழுந்து அவனைக் கிழவனாக்கியது. பலகை ஒன்று விழுந்தது. உள்ளே ஒன்றுமில்லை, வாயைத் திறந்த வெறுமை. எதிர்ப் பலகை மூன்று உதையில் விட்டுக்கொடுத்தது. அவன் உடம்பை ஒருக்களித்து உள்ளே நுழைந்தான். அவன் பின்னே, தேய்ந்த முழங்காலைத் தூக்கிவைத்து, வேளாங்கண்ணியும் நுழைந்தாள். மூன்று ஆண்டுப் பக்கத்து வீட்டுக்குள் அவள் முதன்முதலாகக் கால் வைத்தது அப்படித்தான்.

பகவதியப்பன் சுவரோரம் கிடந்தார். டிவி அவர் தொடையின்மேல் குப்புறக் கவிழ்ந்திருந்தது. அதைத் துடைக்க லேசாக முன்னுக்கு இழுத்திருக்கிறார். அது முழுதாக அவரிடம் வந்துவிட்டது. இடுப்பெலும்பு முறிந்திருந்தது, கத்த மூச்சு எழவில்லை. போன் மேசைமேல், எட்டாத தூரத்தில். கையில் ரிமோட் மட்டும் இருந்தது. அதன் முனை, தட்டித் தட்டி நொறுங்கியிருந்தது.

ரதீஷ் டிவியைத் தூக்கி அகற்றினான். வேளாங்கண்ணி முந்தானையை நனைத்து அவருடைய வெடித்த உதட்டில் பிழிந்தாள். இருபத்தெட்டு மணி நேரத்துக்குப் பின் ஒரு மனிதக் கை அவர்மேல் பட்டது.

"நேத்தே தட்டுனேன்," என்றார். குரல் காய்ந்த ஓலையின் சத்தமாக இருந்தது.

"கேட்டுது அண்ணாச்சி."

"கேட்டுதா?" அவர் கண்ணைத் திறந்து பார்த்தார்.

"மரமணின்னு நெனச்சேன். ஒவ்வொரு மட்டமும் முட்டுக்குத்தினேன்."

அவர் அவள் கையைப் பற்றிக்கொண்டார். பிறகு, "எனக்காவ செபிச்சியளா?" என்று கேட்டார்.

பொய் சொல்லியிருக்கலாம். யாரும் குறை சொல்லமாட்டார்கள். "இல்ல அண்ணாச்சி," என்றாள். "எனக்க மகனுக்கு."

பகவதியப்பன் அவள் கையை விடவில்லை. ஆம்புலன்ஸ் ஆட்கள் ஸ்ட்ரெச்சரோடு மூன்று மாடி ஏறி வந்து, அவரைத் தூக்கி மூன்று மாடி இறங்கும் வரையில் படியின் ஒவ்வொரு வளைவிலும் அவர் முனகியது, லிஃப்ட் கதவில் தொங்கிய 'பழுது' அட்டைக்குக் கேட்டிருக்கும். வேறு எந்தக் கதவும் திறக்கவில்லை. படியின் தலைப்பில் நின்ற வேளாங்கண்ணியிடம் ரதீஷ், "பொழச்சுக்கிடுவாரு அம்மா, நான் கூடப் போறேன்," என்று சொல்லிவிட்டு இறங்கினான். கூலி கேட்கவும் மறந்தான்.

ஞாயிறு காலை. ஆலயத்தின் வெண்கல மணி தெளிவாகக் கேட்டது. ஜன்னல் வழியே இப்படி வரும் மணியோசையைத் தெரிந்துவைத்துக்கொண்டா சுவருக்குள் கேட்ட அந்தச் சிறு தட்டலைக் கோயில் என்று நம்பினேன் என அவள் தன்னையே நொந்துகொண்டாள். சுவரில், டிவி வரவேண்டிய இடத்தில், ஓர் ஆள் நுழையும் அளவு ஓட்டை. அதன் வழியே அடுத்த வீட்டில் மீனாட்சியம்மாளின் மாலையிட்ட படம் தெரிந்தது. இரண்டு நாற்காலிகளும் அதைப் பார்த்தபடி இருந்தன.

பத்து மணிக்குப் போன் அடித்தது.

"எம்மா, டிவியில கூப்புடுதேன், எடுக்க மாட்டங்குது. மாட்டலியா? சொகமா இருக்கியா?"

வழக்கமான விடை அவள் நாக்கின் நுனிவரை வந்தது. அவள் அதை விழுங்கினாள்.

"நான் சொகமா இல்ல மக்கா."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். தட்டியவரை, தட்டலை, முட்டுக்குத்திய ஏழு முறையை, அறுத்த பலகையை. ஆன்றோ கடைசியில் கேட்டான்: "சொவரு பொள்ளையா? பதினாலு வருசம் ஒழச்ச வீடும்மா அது."

"ஒனக்க பதினாலு வருசத்துக்குள்ளயும் கைய விட்டுப் பாத்தேன் மக்கா. காத்துதான் இருந்தது."

அவன் அழுதான். அவள் தடுக்கவில்லை.

"இங்கன நான் விழுந்து கெடந்தா, தட்டுனா கேக்குததுக்கு எனக்கு யாரு இருக்கா? அந்த மனுசனுக்காவது நான் இருந்தேன். நானும் செவிடா இருந்தேன். நீ வா மக்கா. இடுப்பு வரைக்கும் வேண்டாம். முழுசா வா."

"லீவு பாக்குதேன்மா."

"பாக்காத. வா."

திங்களன்று மேனேஜர் வந்தார். பூ வாங்கி வரவில்லை. புதிய ஜிப்சம் பலகை ஒன்றோடும் பட்டியோடும் ஒரு ஆளைக் கூட்டி வந்தார். ஓட்டையை மூடி, நிறம் அடித்து, நடந்ததை நடவாததாக்க வந்தார். வேளாங்கண்ணி ஒரு நாற்காலியை இழுத்து ஓட்டையின் நடுவே போட்டு, அதில் உட்கார்ந்துகொண்டாள். "கல்லும் சிமென்டும் கொண்டு வாரும். இல்லன்னா இது இப்படியே கெடக்கட்டும். அண்ணாச்சி வீட்டுக்கு வாறது வரைக்கும் எனக்கு அந்தப் பக்கம் தெரியணும்," என்றாள். இந்த எழுத்து உங்கள் கைக்கு வரும் இந்த நேரத்திலும் அவள் அங்கே உட்கார்ந்திருக்கிறாள்.

அன்புடையீர், அவளை அங்கே தனியாக உட்கார விடாதீர்கள். விலை கொடுத்து வாங்கிய வீட்டின் சுவரை இன்றே தட்டிப் பாருங்கள். பொள்ளை என்று பதில் வந்தால், வரைபடத்தைக் கேளுங்கள், அனுமதித் தாளைக் கேளுங்கள், கிடைக்கும் வரை எழுந்திருக்காதீர்கள். வெளிநாட்டிலிருந்து பெரிய பெட்டி அனுப்பும் பிள்ளைகளே, அதை நிறுத்திவிட்டு வாருங்கள். அதற்கும் முன்னால், இதை வாசித்து முடித்த கையோடு எழுந்து வெளியே போங்கள். உங்கள் பக்கத்து வீட்டுக் கதவை மூன்று முறை தட்டுங்கள். உள்ளிருந்து குரல் வரும் வரைக்கும் அங்கிருந்து நகராதீர்கள்.